மணிக்குப் பூஜ்யம் கிலோமீட்டர்

ஜூன் 3, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

மாலை வகுப்பில் உரைநடை சொல்லித்தரும் ஆசிரியை, நாட்குறிப்பை அன்றன்றைய தவறிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறார். நல்லதிலிருந்து தொடங்கினால் பொய் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அவர் கருத்து. ஆகவே தவறை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இனி வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தப்பினால் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

அக்காவின் வேலை ரத்தம் கொண்டுபோவது. எங்கள் ஊர் மருத்துவமனையில் விடிகாலையில் எடுக்கும் ரத்த மாதிரிகளைக் குளிர்பெட்டியில் வைத்து, மலையைச் சுற்றிப் போகும் நெடுஞ்சாலை வழியாகப் பெருநகரத்து ஆய்வகத்தில் மதியத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். தாமதமானால் ரத்தம் கெட்டுவிடும். நோயாளியை மறுபடி ஊசியால் குத்த வேண்டும். அக்காவின் பழைய வேன் போன மாதம் நடுச்சாலையில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. பதினாறாம் தேதி, திங்கட்கிழமைக்குள் நம்பகமான வண்டியோடு வந்தால் வேலை தொடரும் என்று மருத்துவமனை கெடு கொடுத்திருக்கிறது. வராவிட்டால் அந்த வேலைக்கு வேறொருவர் தயாராக நிற்கிறார். அக்காவுக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். எங்கள் வீடு ஓடுவதும் இதில்தான். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வாங்கும் சம்பளம் என் பேருந்துக்கும் வகுப்புக்கும் சரியாக இருக்கிறது.

பல் டாக்டர் ஒருவர் தன் காரை விற்பதாகத் தெரியவந்தது. பெரிய இன்ஜின், இரட்டை டர்போ, நான்கு கதவு, அடர்சாம்பல் நிறம். இந்த மாதிரிக் கார்கள் புதிதாக இருக்கும்போது ராஜா வீட்டு விலை. பழசானதும் பெட்ரோல் செலவுக்கும் டயர் விலைக்கும் பயந்து யாரும் கிட்டே வர மாட்டார்கள். அதனால்தான் எங்கள் கைக்கு எட்டியது. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். இன்ஜின் ஆறியிருக்கும்போதே கிளப்பச் சொன்னேன், டயரின் உள்விளிம்பைத் தடவினேன், பிரேக் தட்டு தேய்ந்திருக்கிறதா என்று நகத்தால் பார்த்தேன், பூசிமெழுகிய இடம் இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் காந்தம் ஒட்டியது, அடியில் அசல் தகரம்தான். பிறகு காந்தமே தப்பாக இருக்குமோ என்று சந்தேகம் வந்து, டாக்டர் வீட்டு இரும்புக் கதவில் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் ஒட்டியது.

நாங்கள் கூட்டிப்போன மெக்கானிக் இன்ஜின் மூடியைச் சாத்திவிட்டுச் சொன்னார். "பாத்தா பேங்க் மேனேஜர் மாதிரி அடக்கமா இருக்கும். மிதிச்சீங்கன்னா பேய்."

"நான் மிதிச்சதே இல்ல. பத்து வருஷத்துல ஒரு தடவகூட அறுபதத் தாண்டினதில்ல" என்றார் பல் டாக்டர்.

"அப்புறம் எதுக்கு டாக்டர் இத வாங்கினீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"இருக்குன்னு ஒரு தெம்பு."

இந்தப் பதிலை அப்போதே மனப்பாடம் செய்திருக்க வேண்டும். செய்யாமல் விட்டேன்.

பெயர் மாற்றத்துக்காக இன்று காலை போக்குவரத்து அலுவலகம் போனோம். அக்கா முற்றத்தில் காரை நிறுத்திக்கொண்டிருந்தாள். நான் அக்கா பெயரில் எழுதிய விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் எங்களுடையதைவிட வலுவான கார் ஒன்று வாங்கியிருந்தார். கவுண்டரில் இருந்த அம்மா தலை நிமிராமல், "எதுக்கு வாங்குறீங்க?" என்றார். "காய்கறி வாங்கப் போக" என்றார் அவர். முத்திரை விழுந்தது. அவர் போய்விட்டார். அடுத்து நான்.

"எதுக்கு வாங்குறீங்க?"

"வேகமாப் போறதுக்குத்தான்" என்றேன்.

அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்துக் கவுண்டரில் தட்டச்சுச் சத்தம் நின்றது. பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்.

"ஏம்மா, யோசிச்சுத்தான் சொல்றியா?"

"ஆமாம்மா. ரத்தம் கெட்டுப்போயிரும்."

"யாரு ரத்தம்?"

"ஊருல எல்லாரோடதும்."

அவர் முத்திரையை மூடி வைத்துவிட்டார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு பதில் வந்ததில்ல. மேல நிதானப் பிரிவுக்குப் போங்க. கேட்டுக்குள்ள வந்த வண்டி முடிவு தெரியாம வெளிய போகக்கூடாது. சாவிய அக்காவே வச்சுக்கட்டும். வண்டி முற்றத்துல நிக்கட்டும்."

நான் வெளியே போய்ச் சொன்னதும் அக்கா என்னைத் திட்டவில்லை. "காய்கறின்னு சொல்லியிருக்கலாம்லடி" என்று மட்டும் கேட்டாள்.

"எனக்குத் தோணலக்கா."

"உனக்கு எப்பவும் தோணாது" என்றாள். பிறகு பேருந்து நிறுத்தம் வரை என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

ஜூன் 4, புதன்

இன்றைய தவறு: நேரத்துக்குப் போனது.

நிதானப் பிரிவின் சுவர்க்கடிகாரத்தில் மணி முள் மட்டும்தான் இருக்கிறது. நிமிட முள் மனதில் பரபரப்பைத் தூண்டுகிறது என்று கழற்றிவிட்டார்களாம். நாங்கள் பத்து மணிக்குப் போய் நின்றதும், வாசலில் இருந்த கடைநிலை ஊழியர் உதட்டைப் பிதுக்கினார். "பத்துன்னா பத்துக்கே வந்துட்டீங்க. சார் குறிச்சுக்குவாரு."

உள்ளே நிதான அலுவலர் ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. சீவி முடித்து, அதைக் குவளையில் வைத்துவிட்டு, அடுத்த பென்சிலை எடுத்தார். அக்கா அவருக்கு அங்கேயே பொறுமை சார் என்று பெயர் வைத்துவிட்டாள். எனக்குக் காதோடு சொன்னது அவருக்கும் கேட்டிருக்கும். அவர் முகத்தில் லேசாக மகிழ்ச்சி தெரிந்தது.

"நாங்க யாரையும் காக்க வைக்கிறதில்ல" என்று அவர் தொடங்கினார். "காத்திருக்கிறவங்களக் கவனிக்கிறோம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. இந்தக் கார் எவ்வளவு வேகம் போகும்?"

"கம்பெனிக்காரங்க இருநூத்தம்பதுன்னு சொல்றாங்க சார்" என்றாள் அக்கா.

"சாலையில அனுமதி எவ்வளவு?"

"நூறு."

"அப்போ மீதி நூத்தம்பத என்ன பண்ணப் போறீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கைகளைப் பிசைந்தேன். அக்கா பொறுமையாகச் சொன்னாள். "நான் நூறத் தாண்டப் போறதில்ல சார். மலையேத்தத்துல லாரிங்க வரிசையா ஊர்ந்துட்டிருக்கும். முந்துறதுக்குக் கொஞ்சம் இடம்தான் கிடைக்கும். அந்த இடத்துல சட்டுனு இழுக்கணும். வேன் இழுக்காது. இது இழுக்கும்."

"சட்டுனு" என்று அவர் அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்றார். "சட்டுனு போய்ச் சேந்து?"

"ரத்தத்தக் குடுப்பேன். அரை நாள் ஆனா கெட்டுப்போயிரும் சார்."

"ரத்தம் அவசரப்படுதா, நீங்க அவசரப்படுறீங்களா?"

"ரத்தம்தான் சார்."

"அப்படின்னா அதுக்கு நிதானம் இல்ல. அது ரத்தத்தோட குறை. அதுக்கு அரசாங்கம் என்ன செய்யும்?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் அவர் அதைச் சொன்ன விதத்தில் ஏதோ நியாயம் இருப்பதுபோல் தோன்றியது. எனக்கு இது ஒரு வியாதி. உறுதியான குரலில் யார் எதைச் சொன்னாலும், தப்பு என் பக்கம்தான் இருக்கும் என்று நினைத்துவிடுவேன்.

"வண்டிய வீட்டுக்காரர் ஓட்டுவாரா?"

"நான்தான் ஓட்டுவேன்."

"கூட யாரு வருவாங்க?"

"ரத்தம் சார்."

அவர் 'உடன் வருவோர்: ரத்த சொந்தம்' என்று எழுதிக்கொண்டார். அக்கா வாயைத் திறந்தாள். நான் அவள் காலை மிதித்தேன்.

"எல்லாரும் இந்தப் பிரிவ ஏன் மூடலன்னு கேக்குறாங்க" என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார். "ஆரம்பிச்சப்போ ஒரு மேசை. இப்ப மூணு மாடி. நிதானமா வளர்ந்தோம். என்னோட பதவி உயர்வு பதினோரு வருஷமா மேலிடத்துல இருக்கு. நான் ஒரு தடவ போய்க் கேட்டிருக்கேனா? கேட்க மாட்டேன். கேட்டா அவசரக்காரன்னு எழுதிருவாங்க." ஒரு கணம் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு மூன்றாவது பென்சிலை எடுத்தார். "வெள்ளிக்கிழமை நடைச் சோதனைக்கு வாங்க."

ஜூன் 6, வெள்ளி

இன்றைய தவறு அக்காவுடையது. ஆனால் கைப்பேசியை அணைக்கச் சொல்லாதது நான்.

நடைச் சோதனை என்பது இதுதான். கடைநிலை ஊழியர் தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு நடைவழியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவார். விண்ணப்பதாரர் அவர் பின்னாலேயே, முந்தாமல், போய்ச் சேர வேண்டும். நடைவழி அகலமானது. நான்கு பேர் கைகோத்து நடக்கலாம். அதுதான் சோதனையே என்றார் பொறுமை சார். "இடம் இல்லாதப்போ எல்லாரும் அடக்கமாத்தான் இருப்பாங்க."

ஊழியர் புறப்பட்டார். முதல் கதவருகில் நின்று உள்ளே இருந்தவரிடம் மகளின் பரீட்சை பற்றி விசாரித்தார். அக்காவும் நின்றாள். அடுத்த ஜன்னலில் வெளியே யாரோ சண்டை போடுவதைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். பிறகு தட்டைத் தரையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அக்கா தட்டைக் காவல் காத்தபடி நின்றாள். அவர் சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, பல் குத்தியபடி வந்தார்.

"சாப்டியாம்மா?" என்று அக்காவைக் கேட்டார்.

"இல்லண்ணே. நீங்க நடங்க."

"ஏன் பறக்குற? தேத்தண்ணி ஆறித்தான போச்சு, இனிமே என்ன?"

நடைவழி முடிய நான்கு எட்டு இருந்தது. அவர் செருப்பைச் சரிசெய்யக் குனிந்தார். அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. அக்கா "இதோ வந்துட்டேன் மேடம்" என்று பேசிக்கொண்டே அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். தான் போனதே அவளுக்குத் தெரியாது.

பொறுமை சார் குறித்துக்கொண்டார்: அரசு ஊழியரை இடதுபுறமாக முந்திச் செல்லல்.

"சார், அவர் நின்னுட்டிருந்தாரு" என்றேன்.

"நிக்கிறவர முந்துறது இன்னும் மோசம்மா. ஓடுறவர முந்தினா போட்டின்னு சொல்லலாம். நிக்கிறவர முந்துனா அது அவமதிப்பு."

திங்கட்கிழமை மறுபடி வரச் சொன்னார். நாங்கள் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது அங்கிருந்த கடிகாரத்தின் மணி முள் ஐந்தை நெருங்கியது. தொடவில்லை, நெருங்கியது. மூன்று மாடிகளிலும் கதவுகள் படபடவென்று திறந்தன. படிக்கட்டே அதிர்ந்தது. பொறுமை சார் ஒரு கையில் சாப்பாட்டுப் பையோடு எங்களை வலப்புறமாகத் தாண்டி, இரண்டிரண்டு படியாக இறங்கிப்போனார். கடைநிலை ஊழியர் அவரையும் தாண்டினார். அப்படி ஓடக்கூடியவர் என்று நான் நினைக்கவே இல்லை.

வகுப்புக்குத் தாமதமாகப் போனேன். ஆசிரியை காரணம் கேட்டார். சொன்னேன். கட்டுரையில் மிகைப்படுத்தக் கூடாது என்றார்.

ஜூன் 9, திங்கள்

அக்கா தேறிவிட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். வரும் வழியில் பேருந்துப் படியில் அவள் செருப்பு வார் அறுந்துவிட்டது. காலை இழுத்து இழுத்து நடந்தாள். கடைநிலை ஊழியரே இரண்டு முறை திரும்பிப் பார்த்து, "சீக்கிரம் வாம்மா, எனக்கு வேற வேலை இல்லையா" என்றார். பொறுமை சார் எழுந்து நின்று அக்காவுக்குக் கை கூப்பினார். 'மூன்றே நாளில் குணத்தில் வியக்கத்தக்க மாற்றம்' என்று எழுதினார். இதை மேலிடத்துக்கு முன்மாதிரியாக அனுப்பப்போவதாகவும், அதனால் தன் பதவி உயர்வுக்கும் நல்லது நடக்கலாம் என்றும், ஆனால் அதை நான் வெளியே சொல்லக்கூடாது என்றும் சொன்னார். நாட்குறிப்பு வெளியில் சேருமா என்று தெரியவில்லை.

"அப்போ வண்டிய எடுத்துக்கலாமா சார்?" என்று அக்கா கேட்டாள்.

"நீங்க வேகத்த அடக்கிக்குவீங்கன்னு நிரூபிச்சிட்டீங்க. ஆனா வண்டிக்கு அந்த வேகம் உண்டான்னு யாரு நிரூபிச்சது?"

"கம்பெனிக்காரன் சொல்றானே."

"கம்பெனிக்காரன் ஆயிரம் சொல்வான். இல்லாத வேகத்த அடக்குறேன்னு சொல்லிச் சான்று வாங்கிட்டுப் போனா அது மோசடி. நாளைக்குப் பரிசோதகர் வந்து வேகத்தக் கண்ணால பாக்கட்டும்."

அக்கா அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினாள்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று தவறு எதுவும் செய்யவில்லை என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பது தவறாக இருக்கலாம்.

பரிசோதகர் மெலிந்த மனிதர். பார்த்ததுமே நேர்மையானவர் என்று தெரிந்தது. நாங்கள் தண்ணீர் பாட்டிலை நீட்டியதைக்கூட வாங்க மறுத்துவிட்டார். முற்றத்தில் எங்கள் காருக்கு முன்னால் பறிமுதல் செய்த லாரி, பின்னால் சக்கரம் இல்லாத பேருந்து, இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள் குவியல். ஒரு முழம் நகர்த்த வழியில்லை. போதாததற்கு, முற்றம் முழுவதும் அமைதிப் பகுதி என்று பலகை வைத்திருக்கிறது.

அவர் கைக்குட்டையால் இருக்கையைத் துடைத்துவிட்டு ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். வேகமானியின் முள்ளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது. அவர் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. கண்ணை எடுக்கவில்லை.

நான் ஜன்னலைத் தட்டினேன். "சார், சாவியத் திருப்பணும்."

"திருப்பினா?"

"இன்ஜின் ஓடும்."

"ஓடினா?"

"நகரும் சார்."

"நகர்ந்தா நான் எப்படிம்மா சரியாப் படிக்கிறது? முள்ளும் ஆடும், நானும் ஆடுவேன். அளக்கிற பொருள் ஆடாம இருக்கணும்."

இங்கே நான் தடுமாறிப்போனேன். கண்ணாடிக் கடையில் நானும் இதைத்தான் சொல்வேன். தலையை ஆட்டாதீங்க, ஆட்டினா பவர் தப்பா வந்துரும் என்று.

அக்கா தடுமாறவில்லை. "சார், நிக்கிற கார்ல வேகம் எப்படித் தெரியும்?"

"அது காரோட பிரச்சனை. நான் கண்ணால பாக்காத எதையும் எழுதினதில்ல. வேற ஆளுங்க வண்டிய வாசல்லருந்து பாத்துட்டே நூறு, நூத்தம்பதுன்னு எழுதித் தள்ளுவாங்க. நான் உள்ள ஏறி உக்காந்து, பொறுமையாப் பாத்து, முள்ளு எத தொடுதோ அத மட்டும் எழுதுவேன். இத்தன வருஷத்துல நான் சோதிச்ச ஒரு வண்டிகூட விபத்துல சிக்கினதில்ல."

"ஒண்ணாவது வெளிய போச்சா?"

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "அந்தப் புள்ளிவிவரம் எங்ககிட்ட இல்ல" என்றார்.

கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கண்டறியப்பட்ட அதிகபட்ச வேகம்: மணிக்குப் பூஜ்யம் கிலோமீட்டர்.

ஜூன் 12, வியாழன்

இன்று காலை பொறுமை சார் எங்களைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். பூஜ்யம் என்றால் உயர்திறன் வண்டி இல்லை. உயர்திறன் இல்லாததால் நிதானப் பிரிவுக்கு இனி எங்கள் மேல் அதிகாரம் இல்லை. அக்காவை அனுப்புவதில் அவருக்கு உண்மையிலேயே வருத்தம். "நல்ல மாணவி" என்றார்.

சாதாரண வண்டிப் பிரிவுக்குப் போனோம். அங்கே குறைந்தபட்ச வேகம் என்று ஒன்று இருக்கிறது. பூஜ்யம் அதற்குக் கீழே. மாட்டு வண்டிக்கும் தள்ளு வண்டிக்கும் தனிப் பிரிவு, அதற்கும் ஒரு வேகம் வேண்டும். ஒவ்வொரு கவுண்டராக இறங்கி இறங்கிக் கடைசியில் தரைத்தளத்தில், வெளிச்சமான ஓர் அறைக்கு வந்து சேர்ந்தோம். முதல்முறையாக ஓர் அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தார். கட்டட வரி அலுவலர். எங்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எழுந்து வந்து ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார்.

"மொதல் வீடா?" என்று கேட்டார்.

"அது காரும்மா" என்றாள் அக்கா.

"எல்லாரும் அப்படித்தான் சின்னதா ஆரம்பிப்பாங்க. கூச்சப்படாதீங்க."

"அம்மா, அதுல சக்கரம் இருக்கு."

"தூண்னு வச்சுக்குவோம். கூரை இருக்கு. கதவு நாலு இருக்கு. ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டிருக்கீங்க. உள்ள விளக்கு இருக்கு, அஞ்சு பேர் உக்காரலாம். நகராதுன்னு பரிசோதகரே எழுதியிருக்காரு, அவரு சொன்னா சொன்னதுதான். நகராத, கூரை போட்ட, ஆள் உக்காருற ஒண்ண வேற என்னன்னு நான் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் சொன்னதில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. வீடு திரும்பி இவ்வளவு நேரமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இருக்கிறது என்று மட்டும் நிச்சயம்.

பத்து நாளாக நடக்காதது அங்கே உட்கார்ந்த இடத்தில் நடந்துவிட்டது. அக்கா பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு பெயிண்டர் வந்து காரின் முன்கதவில் வெள்ளைப் பெயிண்டால் கதவு எண் எழுதினார். கோணலாக எழுதிவிட்டு, துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். எண்ணுக்குப் பக்கத்தில் 'ஏ' என்றும் போட்டார். பின்கதவுப் பக்கம் வாடகைக்கு விட்டால் 'பி' என்று எழுதித் தருவாராம்.

"இப்ப எடுத்துட்டுப் போலாமா?" என்றாள் அக்கா.

"உங்க வீடு, உங்க இஷ்டம்" என்றார் அலுவலர். "இடிக்கிறதுக்கு அனுமதி வாங்கிட்டுத் தாராளமா எடுத்துட்டுப் போங்க."

அக்கா சிரித்தாள். இந்தப் பத்து நாளில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. தொடையைத் தட்டிச் சிரித்தாள். அலுவலரும் கூடச் சிரித்தார், பெயிண்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் சிரிப்பை நிறுத்தக் கொஞ்சம் நேரமானது.

"வீடு வாங்கினா எல்லாருக்கும் இப்படித்தான் வரும்" என்று அலுவலர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "சந்தோஷம் தாங்காது."

ஜூன் 13, வெள்ளி

கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு அக்காவோடு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ரத்த மாதிரி எடுக்கும் பிரிவின் தலைவி அம்மா பழைய வேன் காலத்திலிருந்தே அக்காவை அறிந்தவர். நாங்கள் நடந்ததைச் சொல்லச் சொல்ல, கையில் பிடித்திருந்த பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"கதவு எண் வேறயா?" என்றார்.

"ஆமா மேடம்."

"எங்க நிர்வாகமும் இப்படித்தான். போன வாரம் காலாவதியான கையுறைக்கு வயசு வரம்பு தளர்வு கேட்டு எழுதச் சொன்னாங்க." பெருமூச்சு விட்டார். "இங்க பாரு. எனக்குப் பெட்டி மதியத்துக்குள்ள போய்ச் சேரணும். எதுல போகுதுன்னு ஒரு வாரம் நான் கண்டுக்க மாட்டேன். ஆனா ஒரு குழாய் ரத்தம் கெட்டுப்போனாலும் அன்னியோட சரி. அதுக்கப்புறம் நான் நினைச்சாலும் முடியாது. பிள்ளைங்க வார்டு ரத்தமும் அதுலதான் போகுது, ஞாபகம் வச்சுக்க."

வாடகைக்கு வேன் விசாரித்தோம். ரத்தம் என்றதும் ஒருவர் போனை வைத்துவிட்டார். இன்னொருவர் கேட்ட தொகை, அக்காவுக்கு மருத்துவமனை கொடுப்பதைவிட அதிகம். பல் டாக்டரைக் கூப்பிட்டு உதவி கேட்டேன். "நான்தான் ஒண்ணும் மிதிக்கலையேம்மா, எனக்கு ஏன் இந்த வம்பு?" என்றார். பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில், "வண்டி நல்லா இருக்கா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

அலுவலகம் விடுமுறை. யாரும் இல்லாத நேரத்தில் காரை எடுத்துவிடலாம் என்று அக்கா சொன்னாள். சட்டப்படி சரியா என்று நான் கேட்டேன். "சட்டப்படி நான் என் வீட்டுக்குத்தான்டி போறேன்" என்றாள்.

பிற்பகலில் போனோம். முன்னால் நின்ற லாரியை யாரோ மீட்டுக்கொண்டு போயிருந்தார்கள். வழி இருந்தது! காவலாளி வயதானவர், கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கேட்டத் திறந்தீங்கன்னா ஒரு நிமிஷத்துல போயிருவோம்" என்றாள் அக்கா.

அவர் எழுந்து வந்து காரைப் பார்த்தார், கதவு எண்ணைப் பார்த்தார். "கார்னா கண்ண மூடிட்டு விட்டுருவேன்மா. சத்தியமா. இந்த வேலையில அது சகஜம். ஆனா இது வீடுன்னு எழுதிட்டாங்களே. காலைல வந்து வீட்டக் காணோம்னா நான் என்ன பதில் சொல்றது? எந்தக் காவக்காரனாவது வீட்டத் தொலைச்சிருக்கானா?"

"எங்க வீடுதானேண்ணே."

"அதான் உள்ள போங்க, உக்காருங்க, எவ்வளவு நேரம் வேணாலும் இருங்க. உங்க வீட்டுல நீங்க இருக்கறத யாரு தடுக்க முடியும்?"

உள்ளே உட்கார்ந்தோம். அக்கா ஓட்டுநர் இடத்தில், நான் பக்கத்தில். அந்த இருக்கைகள் இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கின்றன. மலைவளைவில் சாய்ந்துவிடாமல் இருக்கத்தான் என்று மெக்கானிக் சொன்னது ஞாபகம் வந்தது. அக்கா கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்து, "பெட்டி அங்க கச்சிதமா உக்காரும்" என்றாள்.

பிறகு சாவியைத் திருப்பினாள்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆசிரியை மிகைப்படுத்தக் கூடாது என்றிருக்கிறார். என் முதுகுக்குப் பின்னால் ஏதோ எழுந்து நின்றதுபோல் இருந்தது. மோட்டார் சைக்கிள் குவியலிலிருந்து புறாக்கள் பறந்தன. அக்கா காலை லேசாக வைத்தாள். இன்ஜின் முள் எழும்பி விழுந்தது. வேக முள் அசையவில்லை. அவள் கியர் குமிழில் கை வைத்தாள். கேட்டைப் பார்த்தாள். கேட் மெலிந்த தகரம்தான். இந்தக் கார் நினைத்தால் அது ஒரு பொருட்டே இல்லை. போகாதே என்று சொல்ல நினைத்தேனா, போய்விடு என்று சொல்ல நினைத்தேனா என்பது இப்போதும் தெளிவாக இல்லை.

காவலாளி ஓடி வந்து ஜன்னலைத் தட்டினார். கேட்டுக்கும் காருக்கும் நடுவில் வந்து நிற்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியும் பக்கவாட்டில்தான் வந்து நின்றார். "அம்மா, வீட்டுலருந்து இவ்வளவு சத்தம் வந்தா நான் புகார் எழுதணும்மா. இது அமைதிப் பகுதி. எனக்கு அடுத்த வருஷம் ஓய்வு. தயவுபண்ணி நிறுத்திருங்க."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அணைத்துவிட்டாள்.

"பயந்துட்டீங்களாண்ணே?"

"வேலைம்மா" என்றார்.

"எனக்கும் அதான்" என்றாள் அக்கா.

காரைப் பூட்டினோம். அக்கா கைப்பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். திரும்பும் வழியில் பேருந்து நிலையத்தில் இறங்கி விசாரித்தோம். அதிகாலையில் பெருநகரத்துக்கு நேராகப் போகும் பேருந்து ஒன்று இருக்கிறது. வழியில் பழுதாகாமல், ஓட்டுநர் தேநீருக்கு ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தினால், மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேரும் என்றார்கள். இரண்டு இடத்தில் நிறுத்தினால் என்று கேட்டேன். தகவல் சொன்னவர் தோளைக் குலுக்கினார். மலையேற்றத்தில் லாரிகளை முந்துமா என்று அக்கா கேட்டாள். "லாரிங்கதான் எங்கள முந்தும்" என்றார்.

அக்கா இப்போது குளிர்பெட்டியைக் கழுவிக் காயவைத்துவிட்டாள். மடியில் வைத்துப் பார்த்தாள், உயரமாக இருக்கிறது, முன்னால் எதுவும் தெரியாது. அதனால் இரண்டு இருக்கை வேண்டும்.

நாளை: அதிகாலை நாலரைக்கு நான் பேருந்து நிலையம் போய், முதல் ஆளாக ஏறி, சக்கரத்துக்கு மேல் இல்லாமல், வெயில் படாத பக்கத்தில், முன்வரிசையில் இரண்டு இடம் பிடித்து வைக்க வேண்டும். அக்கா மருத்துவமனையிலிருந்து பெட்டியோடு வரும்வரை யாரையும் உட்கார விடக் கூடாது. எதுக்கு என்று கேட்டால், காய்கறி என்று சொல்ல வேண்டும்.